வீடு பார்க்கிறீர்களா? எதில் இறங்கி வரலாம், எதில் கூடாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு தேடத் தொடங்கும் எந்தக் குடும்பத்திடமும் ஒரு பட்டியல் இருக்கும். மூன்று படுக்கையறை, பெரிய சமையலறை, சாமி அறை, இரண்டு கார் நிற்க இடம், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற முற்றத்தில் கொஞ்சம் தரை, பிள்ளைகள் நடந்தே போகும் தூரத்தில் பள்ளி, பக்கத்திலேயே கோயில், சத்தமில்லாத தெரு. கடைசி வரியில் விலை: பன்னிரண்டு லட்சம் ராண்டுக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனையில் வைக்கும், விற்பனை வீட்டைப் பார்க்க அழைக்கும் 'ஆன் ஷோ' பலகைகளைப் பார்த்துப் பார்த்து சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், இசிபிங்கோ என்று ஒரு சுற்று வந்ததும் உண்மை தெரிந்துவிடும். அந்தப் பட்டியல் முழுக்க உள்ள வீடு கிடையாது. இருந்தால் விலை பதினெட்டு லட்சம்.

அதன்பிறகு எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். விட்டுக்கொடுக்கக் கூடாததை அலுப்பில் விட்டுவிடுகிறார்கள். விட்டுக்கொடுக்கக் கூடியதற்காக நல்ல வீட்டைக் கைநழுவ விடுகிறார்கள். குளியலறை ஓட்டின் நிறம் பிடிக்கவில்லை என்று ஒரு வீட்டை வேண்டாமென்று சொன்னவர்கள், அடுத்த மாதமே பின்சுவர் சாய்ந்த வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். அங்கே குளியலறை புதிது, அவ்வளவுதான் காரணம்.

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மனிதர்கள் தேர்வு செய்யும் விதத்தைப் பற்றி ஒரு கருத்தை வைத்தார். பிறகு 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். எல்லா வாய்ப்புகளையும் வரிசையாக வைத்து எடைபோட்டு, இருப்பதிலேயே சிறந்ததை எடுக்க நமக்கு நேரமும் இல்லை, தகவலும் இல்லை. அதனால் 'இவ்வளவு இருந்தால் போதும்' என்று மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டும் முதல் வாய்ப்பை எடுத்துக்கொள்கிறோம் என்றார். வீட்டுச் சந்தைக்கு இது அப்படியே பொருந்தும். புடவைக் கடையில்போல எல்லாவற்றையும் விரித்துப் போட்டுப் பார்க்க வழியில்லை. இன்று பார்த்த வீடு அடுத்த வாரம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த மாதம் என்ன விற்பனைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோட்டுக்கு மேலே உள்ளதில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசலாம், கீழே உள்ளதில் பேச்சே இல்லை.

கோடு போட எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி இது: சாவி கைக்கு வந்த பிறகு இதை நான் மாற்ற முடியுமா? சிலவற்றைப் பணம் இருந்தால் மாற்றலாம். சிலவற்றை மாற்ற அடுத்தவர் தலையசைக்க வேண்டும். சிலவற்றை யாராலும் மாற்ற முடியாது.

பணத்தால் மாறுபவை எல்லோருக்கும் தெரிந்தவை: சுவர் வண்ணம், தரை ஓடு, சமையலறை அலமாரி, கேட் மோட்டார், பழைய கார்ப்பெட், பாசி பிடித்த முற்றம். இவற்றில் தாராளமாக இறங்கி வாருங்கள். அழகில்லாத வீட்டுக்குப் போட்டி குறைவு. விலையைக் குறைக்கச் சொல்ல அதுவே நல்ல காரணம். ஆனால் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று வாயால் சொல்லிவிட்டு நகரக் கூடாது. என்ன செலவாகும் என்று ஒரு ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்கி, அதை விலையிலிருந்து கழித்துப் பாருங்கள்.

கூரையை எடுத்துக்கொள்வோம். 1960-கள், 70-களில் கட்டிய வீடுகள் பலவற்றில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுதான். உடையாமல், துளை போடாமல் இருக்கும் வரை உடனடி ஆபத்து குறைவு. கழற்றுவதானால் 2020-இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் ஒழுங்குவிதிகளின்படி பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் கழற்ற வேண்டும். தெரிந்த பையன் இருவரை வைத்துச் சனிக்கிழமை காலையில் முடித்துவிடும் வேலை இல்லை. கூரை மாற்ற 1,20,000 ராண்டு ஆகும் என்று மதிப்பீடு வந்ததாக வைத்துக்கொள்வோம். 12,00,000 கேட்கும் வீட்டின் உண்மை விலை உங்களுக்கு 13,20,000. அதே தெருவில் 12,80,000-க்கு ஓட்டுக் கூரை வீடு இருந்தால், 'விலை அதிகம்' என்று ஒதுக்கிய அந்த வீடுதான் மலிவு. இந்தக் கணக்கு போட்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இரண்டாம் வகை கொஞ்சம் வஞ்சகமானது, ஏனென்றால் பார்வைக்கு எல்லாம் நன்றாக இருக்கும். பின்னால் தனியாகக் குடியிருக்க ஒரு கிரானி பிளாட், பக்கவாட்டில் நீட்டிய சமையலறை, கராஜை அடைத்துப் போட்ட படுக்கையறை. 'வாடகைக்கு விட்டால் பாண்டில் பாதி அதிலேயே கட்டிவிடலாம்' என்பார் ஏஜென்ட். இங்கே பாண்டு என்றால் வீட்டுக்கடன். மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 1977-ஆம் ஆண்டின் கட்டட ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒப்புதல் இல்லாமல் கட்டுவது குற்றம்; நீதிமன்ற உத்தரவு பெற்று இடிக்க வைக்கவும் முடியும். கட்டியவர் பழைய உரிமையாளர் என்றாலும், வாங்கியபின் அந்தத் தலைவலி உங்களுடையது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குபவரின் வங்கி வரைபடம் கேட்கலாம், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டுக்கு மறுக்கலாம். 'இந்தத் தெருவில் எல்லோரும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்' என்ற பதில் உண்மையாகவே இருக்கும். அது உங்களைக் காப்பாற்றாது. வரைபடம் இல்லாத அறையை இல்லாத அறையாக எண்ணி விலை பேசுங்கள், அல்லது விற்பவரே ஒப்புதல் வாங்கித் தர வேண்டும் என்று ஆஃபரில், அதாவது விலையும் நிபந்தனையும் எழுதி நீங்கள் கொடுக்கும் தாளில், எழுதுங்கள்.

அந்தக் கிரானி பிளாட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி நீதிமன்ற உத்தரவில்லாமல் யாரையும் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. வெளியேற்றும் முறையை 1998-இன் சட்டம் ஒன்று வகுத்திருக்கிறது. அது நியாயமான சட்டம்தான், நம் தாத்தா பாட்டிகளை வீட்டோடு பெயர்த்துக்கொண்டு போன நாடு இது. ஆனால் வாங்குபவருக்கு அதன் பொருள், 'அவங்க மாசக் கடைசில போயிடுவாங்க' என்ற வாய்ச்சொல்லை நம்பி இறங்கி வரக் கூடாது என்பதே. காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

பிளாட், டவுன்ஹவுஸ் என்றால் அடுத்தவர் தலையசைப்பு இன்னும் கூடும். மாத லெவி எனும் பொதுப் பராமரிப்புக் கட்டணம், பாடி கார்ப்பரேட் எனும் உரிமையாளர் சங்கத்தின் விதிகள், கையிருப்பு நிதி. கடைசி ஆண்டுக் கணக்கும் கூட்டக் குறிப்பும் கேட்டு வாங்குங்கள். கையிருப்பு காலியாக இருந்து லிப்ட் பழுதானால், அதற்கென்று எல்லோரிடமும் தனியாக வசூலிக்கும் ஸ்பெஷல் லெவி வரும். பால்கனியில் விளக்கேற்றவோ சாம்பிராணி போடவோ தடை உண்டா என்பதையும் விதிப் புத்தகத்தில் பாருங்கள். குடிவந்தபின் பார்ப்பதால் பயனில்லை.

யாராலும் மாற்ற முடியாத வகையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் முதலில் நிலம்.

சாட்ஸ்வொர்த் உம்ஹ்லதுசானா, உம்லாஸ் ஆறுகளுக்கு இடையில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் பூமி. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் 1960-களில் மேகசின் பேரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து நம்மவர்களைக் கொண்டுவந்து இறக்கியபோது, மலைச்சரிவை ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் மண் கொட்டி நிரப்பி, வரிசை வரிசையாக வீடு எழுப்பினார்கள். எந்த வீடு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெரியவர்கள் இன்றைக்கும் 'கிடைச்சத எடுத்துக்கோப்பா, அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொல்வதற்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது. அவர்கள் சொல்லை மதிக்கலாம். அந்த அறிவுரையை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரிவில் வெட்டிய நிலத்தைத் தாங்குசுவர்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2022 ஏப்ரல் 11, 12-ஆம் தேதி மழையில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். டர்பனைச் சுற்றி எத்தனையோ சரிவுகள் வீட்டோடு சேர்ந்து இறங்கின. 2019 ஏப்ரலிலும் அப்படி ஒரு மழை. கடற்கரையோர மேடுகளில் உள்ள, 'பெரியா' (Berea) என்று பெயர் கொண்ட சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கல்லைப்போல் நிற்கும், நீர் புகுந்தால் கரைந்தோடும். ஆகவே வீட்டுக்குள் போகும் முன் பின்பக்கம் போய் அந்தச் சுவரைப் பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் சிறு துளைகள் இருக்க வேண்டும். மண்ணுக்குள் தேங்கும் நீர் அவ்வழியாகத்தான் வடியும். துளை இல்லாவிட்டாலோ, சிமெண்டு பூசி அடைத்திருந்தாலோ, மழைக்காலத்தில் நீரின் எடை முழுவதையும் சுவரே சுமக்கிறது. சுவரின் ஓரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். நடுவில் வயிறு தள்ளியிருந்தால் தெரிந்துவிடும். செங்கல் இணைப்பில் படிக்கட்டுபோல் ஏறும் விரிசல், அதில் சுண்டுவிரல் நுனி நுழையும் அகலம், சுற்றிலும் பழைய வண்ணமும் நடுவில் ஒரு திட்டு மட்டும் புது வண்ணமும்: இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைக்காமல் மேலே பேசாதீர்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ராண்டு, அந்த வீட்டை வாங்காமலே போனாலும் வீணில்லை.

பிறகு தண்ணீர் போகும் வழி. பக்கத்து மேட்டில் பெய்யும் மழை எங்கே வந்து சேரும்? உங்கள் முற்றத்துக்கா? அண்டை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஏஜென்ட் சொல்லாததை எதிர்வீட்டு ஆயா இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஏஜென்ட்டுக்குக் கமிஷன் விற்பவரிடமிருந்து வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவர் வேலை அது.

திசையும் மாறாதது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அண்மையில் வந்தவர்கள் இதில் ஏமாறுவதுண்டு. இங்கே குளிர்காலத்துச் சூரியன் வடக்குப் பக்கமாகவே வானத்தைக் கடக்கும். வடக்கு பார்த்த அறை காய்ந்து கதகதப்பாக இருக்கும். தெற்கு பார்த்த அறை ஜூன், ஜூலையில் வெயிலையே காணாது. டர்பனின் கடற்காற்று ஈரத்தோடு சேர்ந்தால் அந்த அறைச் சுவரில் ஓதம் ஏறி, அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை படரும். குழந்தைக்கு இளைப்பு இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. வாஸ்து பார்ப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. அக்னி மூலைக்கு அடுப்பை நகர்த்தலாம், வீட்டைத் திருப்ப முடியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தண்ணீர் விநியோகம் பாதி மாறும், பாதி மாறாது. 2022 வெள்ளத்தில் டோங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்தப் பகுதி மக்கள் பல மாதம் லாரித் தண்ணீரை நம்பியிருந்தார்கள். அப்படிப்பட்ட பகுதியில் வாங்கினால் தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ டேங்க் வைக்க இடம் உண்டா என்று பாருங்கள். இடம் இருந்தால் இறங்கி வரலாம்.

தூரத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. வேலைக்குப் போக வர நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்றால், மாதம் 22 வேலைநாள், ஆண்டுக்கு 11 மாதம், மொத்தம் 242 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால் முப்பது நாள். பெட்ரோல் தனி. அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது? ஒரு படுக்கையறையா, அம்மாவை உடன் வைத்துக்கொள்ளும் வசதியா? அம்மா என்றால் சிலருக்கு அந்த முப்பது நாளும் கணக்கே இல்லை. இதில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டு விட்டுக்கொடுங்கள்.

வீட்டைவிட்டுக் கொஞ்சம் வங்கிப் பக்கம் வருவோம். எல்லாவற்றிலும் கறாராக இருந்துவிட்டு, விலையில் மட்டும் 'இன்னும் ஒரு லட்சம்தானே' என்று இறங்கிவிடுவது நம்மிடம் சகஜம். கோடு போட வேண்டிய இடங்களில் இதுதான் தலையாயது. 2020 ஜூலை முதல் 2021 நவம்பர் வரை இங்கே வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி 7 சதவீதம். 2023 மே மாதக் கடைசியில் அது 11.75 ஆகிவிட்டது. பத்து லட்சம் ராண்டு பாண்டு, 20 ஆண்டு என்றால் 7 சதவீதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 7,750, 11.75-இல் 10,840. அதே வீடு, அதே கடன், மாதம் மூவாயிரத்துக்கு மேல் கூடுதல். வங்கி 'உங்களுக்கு இவ்வளவு தரலாம்' என்று சொல்லும் தொகை இன்றைய வட்டியில் போட்டது. அதில் நான்கு புள்ளி ஏறினாலும் சமாளிக்கும் தவணை எது என்று பார்த்து, அங்கே நில்லுங்கள். அந்த 'ஒரு லட்சம்தானே' 11.75 சதவீதத்தில் மாதம் 1,084 ராண்டு, 20 ஆண்டில் 2,60,000.

மேற்செலவையும் கோட்டுக்குள் சேர்க்க வேண்டும். வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் வழக்கறிஞரை விற்பவர் நியமிப்பார், பணம் நீங்கள் கொடுப்பீர்கள். பாண்டு பதிவுக்கு இன்னொரு கட்டணம். 2025 ஏப்ரல் முதல் 12,10,000 ராண்டு வரையிலான விலைக்கு டிரான்ஸ்பர் டியூட்டி எனும் சொத்து மாற்ற வரி கிடையாது. அதற்கு மேலே போகும் தொகைக்கு 3 சதவீதத்தில் தொடங்குகிறது.

இனி, குடும்பத்துக்குள் நடப்பது. வீட்டைப் பார்த்துவிட்டு காரில் ஏறியதும் இப்படிப் பேச்சு ஓடும்:

"என்னங்க, கிச்சன்ல ரெண்டு பேர் நின்னா இடிச்சுக்கணும்."

"சுவர உடைச்சுப் பெருசாக்கிக்கலாம். டிரைவ்வே எவ்வளவு செங்குத்தா இருக்கு பாத்தியா? மழையில கார் ஏறாது."

"கார வெளியில நிறுத்துங்க."

"இந்த ஏரியாவுல வெளியிலயா?"

இருவரும் ஒரே வீட்டைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறார்கள். மனைவி சொல்வது பணத்தால் மாறுவது, கணவர் சொல்வது மாறாதது. 'உனக்கு ஒன்று விட்டேன், எனக்கு ஒன்று விடு' என்று பங்கு போட்டால் தப்பான இடத்தில் போய் நிற்கும். சமையலறை மாற்றத்துக்கு இவ்வளவு பணம் ஒதுக்குகிறோம் என்று கணவர் ஒரு தொகையைச் சொல்லி எழுதட்டும். வாகனம் ஏறாத வீட்டை இருவருமே விட்டுவிடலாம். வெறுமனே 'பிறகு உடைத்துக்கொள்ளலாம்' என்ற சமாதானம் பல வீடுகளில் பத்து வருஷமாக அப்படியே இருக்கிறது. உடைக்க நினைக்கும் சுவர் கூரையைத் தாங்கும் சுவரா என்பதும் முன்பே தெரிய வேண்டும்; இரட்டை வீட்டின் பொதுச்சுவர் என்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

எதுவுமே தேறவில்லை என்று மாதக்கணக்கில் போனால் கோட்டைச் சரிபார்க்க வேண்டும். விலை, பகுதி, அளவு மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. மூன்றையும் ஒரே சமயம் தளர்த்தினால் என்ன தேடுகிறோம் என்பதே மறந்துபோகும். ஒன்றை மட்டும் தளர்த்தி ஒரு மாதம் பாருங்கள். மூன்று படுக்கையறை இரண்டானால் என்ன வருகிறது? அதே மூன்று படுக்கையறை அடுத்த பகுதியில் என்ன விலை? என் சாய்வைக் கேட்டால், முதலில் அளவைத்தான் தளர்த்துவேன். பிள்ளைகள் வளர்ந்து போய்விடுவார்கள். பாண்டும் சரிவும் அங்கேயே இருக்கும்.

வீடு கோட்டைத் தாண்டிவிட்டது, ஆஃபர் போடுகிறீர்கள் என்றால், விட்டுக்கொடுத்ததும் விட்டுக்கொடுக்காததும் தாளில் வர வேண்டிய நேரம் அது. 1981-இன் நில விற்பனைச் சட்டப்படி எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும். கையெழுத்திட்டுவிட்டால் அதுவே ஒப்பந்தம். மனம் மாறினால் ஐந்து நாளுக்குள் பின்வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகை 2,50,000 ராண்டு அல்லது அதற்குக் குறைந்த விலைக்கு மட்டுமே, உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. பெரும்பாலான ஆஃபரில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்ற வரி இருக்கும்: உள்ளது உள்ளபடி விற்கிறேன் என்று பொருள். குறையைத் தெரிந்தே மறைத்தால் அந்த வரி விற்பவரைக் காப்பாற்றாது, ஆனால் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. 2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, விற்பவர் வீட்டின் குறைகளைக் குறிப்பிட்டு நிரப்பிய படிவத்தை ஏஜென்ட் உங்களுக்குக் காட்ட வேண்டும். கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படியுங்கள்; கூரை ஒழுகல், ஓதம், வரைபடம் என்று தனித்தனியாக இருக்கும்.

மின்சாரச் சான்றிதழ் கட்டாயம்; நட்டாலில் மரம் அரிக்கும் வண்டுக்கான சான்றிதழும் கேட்பது வழக்கம். இவற்றுக்கு விற்பவர் பணம் கட்டுவதாக எழுதுங்கள், பாண்டு கிடைத்தால்தான் விற்பனை என்பதற்கு ஒரு தேதி போடுங்கள். இன்னொன்றும் மறக்க வேண்டாம்: உங்கள் ஆஃபர் எந்த நாள், எத்தனை மணிவரை செல்லும் என்று குறிப்பிடுங்கள். அந்த நேரம் தாண்டியும் பதில் வராவிட்டால் நீங்கள் வேறு வீட்டுக்கு ஆஃபர் போடலாம். அது இல்லாமல் ஒரே வாரத்தில் இரண்டு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டால், இரண்டு விற்பவர்களும் ஏற்றுக்கொள்ளும் அபாயம் உண்டு.